நான்கு ஆண்டுகளாக ஓகர் படையோடு: புதிதாக வருபவர்களுக்கு எந்தப் படை?

எங்கள் ஊர் மேசைப்போர் விளையாட்டுக் கடையில் வியாழக்கிழமை மாலைகளில் யாராவது புதியவர் ஒருவர் வந்து நிற்பார். அலமாரியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "எனக்கு எந்தப் படை சரிப்படும்?" என்று கேட்பார். "பார்க்கப் பிடித்ததை வாங்குங்கள்" என்பதுதான் அங்கே வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது தப்பான பதில் இல்லை. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டுத்தான் நான் முதலில் எலிப்படை வாங்கினேன். அதனால் நான்கு ஆண்டுகள் விளையாடிய பிறகு எனக்குத் தோன்றுவதை விவரமாக எழுதி வைக்கிறேன்.

நான் விளையாடுவது வார்ஹாமர் ஏஜ் ஆஃப் சிக்மார். 1983இல் வந்த பழைய வார்ஹாமரின் வாரிசாக 2015இல் வெளியான விளையாட்டு இது. பிளாஸ்டிக் உருவங்களை நாமே வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி, மேசையில் இன்ச் டேப்பால் அளந்து நகர்த்த வேண்டும். சண்டையின் முடிவைப் பகடை சொல்லும். அடி பட்டதா, காயம் ஆனதா, கவசம் தடுத்ததா என்று வரிசையாக உருட்டுவோம். படைகள் இருபதுக்கும் மேல் இருக்கின்றன. புதியவர் திணறிப்போவது இயல்புதான்.

ஸ்கேவன் எனப்படும் எலிமனிதர்களை எனக்கு இப்போதும் மிகவும் பிடிக்கும். பூமிக்கு அடியில் பொந்து தோண்டி, ஒருவரை ஒருவர் முதுகில் குத்திக்கொண்டு வாழும் கூட்டம். 2021 கடைசியில், ஒருவர் பாதி விலைக்குக் கொடுத்த கிளான்ராட் என்ற சாதாரண எலிவீரர் உருவங்கள் 40ஐ வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் 25 மில்லிமீட்டர் அடித்தட்டு, ஒரு வால், ஒரு கேடயம், கந்தல் துணி. பதினோரு எலிகளை முடித்த நிலையில் தூரிகையைத் தொடவே மனம் வரவில்லை. மீதி 29 எலிகளும் வண்ணத்துக்கு முன் அடிக்கும் கறுப்பு பிரைமரோடு மேசையில் அப்படியே நின்றன. அந்த நாற்பதும் சேர்ந்து ஒரு முழு ஆட்டத்துக்கு வேண்டிய படையில் சின்னப் பங்குதான் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

2022 ஜனவரியில் ஓகர் மாட்ரைப்ஸுக்கு மாறினேன். ஓகர்கள் பெருவயிற்று அரக்கர்கள். பசிதான் அவர்களுக்குச் சாமி. கண்டதையெல்லாம் தின்றபடி ஊர் ஊராகப் போவார்கள், வயிற்றின்மேல் ஒரு இரும்புத் தட்டைக் கவசமாகக் கட்டியிருப்பார்கள். பழைய வார்ஹாமருக்கு 2005இல் வந்த இனம் இது. மலையில் விலங்கேறி வருபவர்களும் காலாட்களும் தனித்தனிப் படைகளாக இருந்து, 2019இல் ஒன்றாகச் சேர்க்கப்பட்டார்கள்.

அன்று நான் கட்டிய படையின் கணக்கு இது: தலைவனாக ஒரு டைரன்ட், மந்திரம் போடும் புட்சர் ஒருவர், சாதாரணக் காலாட்களான 12 க்ளட்டன், கனமான ஆயுதம் ஏந்திய 4 அயர்ன்கட், பீரங்கியைத் துப்பாக்கிபோலத் தூக்கி வரும் 4 லெட்பெல்ச்சர், மோர்ன்ஃபாங் விலங்கில் ஏறிய 4 பேர், ஸ்டோன்ஹார்ன் என்ற மலைவிலங்கு ஒன்று. மொத்தம் 27 உருவங்கள். ஒவ்வொரு அணிக்கும் அதன் பலத்துக்கேற்ப மதிப்பு போடும் பாயிண்ட் அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும் இந்த 27 பேர் எப்போதும் 2,000 பாயிண்ட்டை ஒட்டியே இருந்திருக்கிறார்கள். முழு ஆட்டத்தின் வழக்கமான அளவு அதுதான். எங்கள் கடையில் ஸ்கேவன் வைத்திருக்கும் நண்பரின் படையில் எண்ணிக்கை நூறைத் தாண்டும்.

புதியவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணிக்கையை என்றுதான் சொல்வேன். வண்ணம் பூசுவதற்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு க்ளட்டனுக்கு நான்கு உயிர்ப்புள்ளிகள், ஆறு பேருக்கு 24. கிளான்ராட்டுக்கு ஒன்றுதான், இருபது எலிகளுக்கு 20. ஏறக்குறைய ஒரே அளவு உயிரை ஒரு பக்கம் ஆறு உருவங்களாகவும் மறுபக்கம் இருபது உருவங்களாகவும் நகர்த்துகிறோம். விதிகள் இன்னும் மனதில் பதியாத காலத்தில் இருபதை நகர்த்தி முடிப்பதற்குள், அந்த முறை என்ன செய்ய நினைத்தோம் என்பதே மறந்துபோகும். ஆறு பேரை நகர்த்த அரை நிமிடம் போதும். மீதி நேரத்தில் யோசிக்கலாம், எதிராளி செய்வதைக் கவனிக்கலாம், ரூல்புக்கைப் புரட்டலாம்.

ஓகர் படை எனக்குக் கற்றுத்தந்த பெரிய பாடம் தூரம். க்ளட்டன் ஒரு முறைக்கு ஆறு அங்குலம் நடக்கும். அதன்பின் பாய்ச்சலுக்கு இரண்டு பகடை உருட்டி, விழுந்த கூட்டுத்தொகை அளவு அங்குலம் ஓடி, எதிரிக்கு அரை அங்குலத்துக்குள் போய் நிற்க வேண்டும். இரண்டு பகடையில் ஏழோ அதற்கு மேலோ விழ 36க்கு 21 வாய்ப்பு. ஒன்பதோ அதற்கு மேலோ என்றால் 36க்கு 10தான். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் இருப்பது இரண்டே அங்குலம், ஆனால் வாய்ப்பு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. ஓகர்கள் ஓடிவந்து மோதும்போதே, ஆயுதத்தை வீசுவதற்கு முன்பே சேதம் உண்டாக்குவார்கள். அதனால் படையின் பலம் முழுவதும் அந்தப் பாய்ச்சலில் இருக்கிறது. பாய்ச்சல் தவறினால் எதிரியின் முகத்துக்கு முன்னால் சும்மா நிற்க வேண்டியதுதான்.

முதல் ஆறு மாதம் தோற்றதெல்லாம் அப்படித்தான். எதிரியைக் கண்டவுடன் ஆறு அங்குலமும் நடந்துவிடுவேன். பாய்ச்சலுக்குப் பத்து தேவைப்படும், ஐந்து விழும். அடுத்த முறை எதிரி என்மேல் பாய்வார். பிறகுதான் எங்கே நிற்கக்கூடாது என்பதைப் பார்க்கப் பழகினேன். எதிராளியின் பாய்ச்சல் எட்டாத இடத்தில் நிற்க வேண்டும், என் அடுத்த முறையில் எனக்கு ஏழே போதும் என்ற தூரமாகவும் அது இருக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் எந்தப் படைக்குப் போனாலும் கூடவே வரும். படை எளிமையாக இருந்ததால் தப்பு எங்கே நடந்தது என்பது எனக்கே தெரிந்தது. பத்து மந்திரமும் இருபது சிறப்பு விதியும் உள்ள படையில் தோற்றிருந்தால் எதனால் தோற்றேன் என்று கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

வண்ணம் பூசுவது பற்றி. ரெய்த்போன் என்ற வெளிர்நிறப் பிரைமர் ஸ்ப்ரே அடித்து, தோலுக்குக் கில்லிமன் ஃப்ளெஷ் என்ற கான்ட்ராஸ்ட் வண்ணம் ஒரு பூச்சு. கான்ட்ராஸ்ட் 2019இல் வந்த வகை. பள்ளங்களில் தானே தேங்கி நிழலும், மேடுகளில் மெலிந்து வெளிச்சமும் தரும். வயிற்றுத் தட்டுக்கு லெட்பெல்ச்சர் என்ற வெள்ளி நிறம், அதன்மேல் நல்ன் ஆயில் என்ற நீர்த்த கறுப்பு வண்ணத்தால் ஒரு கழுவல். துணிக்கு ஒரு நிறம், தோல்வாருக்கு ஒரு நிறம். இரண்டு வார இறுதிகளில் முதல் ஆறு க்ளட்டனும் முடிந்தன. பரந்த தசையும் பெரிய முகமும் இருப்பதால் கை நடுங்கினாலும் தெரியாது, கொஞ்சம் அக்கறை எடுத்தால் பலன் உடனே கண்ணில் படும். நான் முதன்முதலாக ஒரு கண்ணுக்குக் கருவிழி வைத்துப் பார்த்தது ஓகர் முகத்தில்தான். எலியின் முகத்தில் அதற்குத் துணிந்திருக்க மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை: குளிர்கால ஈரக்காற்றில் வெளியே நின்று ஸ்ப்ரே அடிக்காதீர்கள். மோர்ன்ஃபாங் நால்வருக்கும் டிசம்பரில் அடித்தேன், பரப்பு முழுவதும் மணல்போலப் பொருக்கு. தேய்த்துக் கழுவி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து குளிர்காலத்தில் தூரிகையால் பூசும் பிரைமர்தான்.

நான்கு ஆண்டில் என்ன தேய்ந்தது? மூக்கு நுனி, வயிற்றுத் தட்டின் விளிம்பு, கதாயுத முனை. விரல் படும் இடங்களில் வண்ணம் போயிருக்கிறது. முதல் ஆறு பேருக்கு மேட் வார்னிஷ் ஒரே கோட் அடித்திருந்தேன், அது போதவில்லை. இரண்டு கோட் அடித்தவர்கள் இன்றும் புதிதாகவே இருக்கிறார்கள். எடுத்துப்போக, அடித்தட்டின் கீழே சின்னக் காந்தம் ஒட்டி, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் இரும்புத் தகடு விரித்து வைத்திருக்கிறேன். ஸ்டோன்ஹார்னுக்கு மட்டும் தனிப் பெட்டி, மற்ற எல்லாரும் ஒரே பெட்டியில். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

இனி இதன் குறைகள். ஒரு ஓகர் விழுந்தால் அணியில் ஆறில் ஒரு பங்கு போயிற்று, அந்த இழப்பு உடனே உறைக்கும். க்ளட்டனின் கவசமும் மெலிது. தூரத்திலிருந்து சுடும் படைகள் முன்னால் வந்தால் நெருங்கும் முன்பே இரண்டு மூன்று பேர் போய்விடுவார்கள். இந்த விளையாட்டில் ஒவ்வொரு சுற்றிலும் யார் முதலில் என்று பகடை உருட்டுவதால், எதிராளிக்கு அடுத்தடுத்து இரண்டு முறை கிடைத்துவிடுவதும் உண்டு. அப்படிச் சுடும் படைக்கு இரட்டை முறை கிடைத்த ஆட்டங்களில் நான் மீண்டதே குறைவு. புள்ளி பெற மேசையில் அங்கங்கே குறித்திருக்கும் இலக்கு இடங்களைப் பிடிக்கவும் ஆள் பற்றாது. மூன்றாம் ஆண்டில் ஓகர்களின் காலடியில் திரியும் குட்டிப் பூதங்களான நோப்லர்கள் இருபது பேரைச் சேர்த்தேன். ஆறு க்ளட்டன்களை வெளியே வைத்துவிட்டு இவர்களை முன்வரிசையில் தடுப்பாக நிறுத்தியதும் ஆட்டமே மாறிவிட்டது. எலியில் கைவிட்ட நான் இருபது சின்ன உருவங்களை ஒரே மாதத்தில் முடித்தேன். முதல் 27 பேர் ஏற்கெனவே முடிந்திருந்ததுதான் அதற்குத் தைரியம் தந்தது.

இன்னொன்று, க்ளட்டன் வார்ப்புகளுக்கு வயதாகிவிட்டது. இன்று வரும் புதிய உருவங்களோடு பக்கத்தில் வைத்தால் நிற்கும் தோரணையில் விறைப்புத் தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது, ஆனால் வாங்கும் முன் நேரில் பார்த்துவிடுங்கள்.

விதிகள் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாறுகின்றன: 2018, 2021, 2024. நான் தொடங்கியபோது மூன்றாம் பதிப்பு. 2024இல் நான்காம் பதிப்பு வந்தபோது எல்லாப் படைகளுக்கும் புதிய விதித்தாள்களை இலவசமாகவே இறக்கிக்கொள்ள முடிந்தது. படை கட்டும் முறையும் மாறியது. இப்போது ஒவ்வொரு தலைவனின் கீழும் சில அணிகளைச் சேர்த்துக் கட்ட வேண்டும். பழைய புத்தகம் பயனற்றுப் போனாலும் பழைய உருவம் ஒன்றுகூட வீணாகவில்லை. எல்லாப் படைக்கும் அப்படி அமையவில்லை. அதே 2024இல் பீஸ்ட்ஸ் ஆஃப் கேயாஸ் முழுப் படையாகவே இந்த விளையாட்டை விட்டு வெளியேறும் என்று அறிவிப்பு வந்தது, ஸ்டார்ம்காஸ்ட் என்ற படையின் பல பழைய உருவங்களும் நிறுத்தப்பட்டன. பழைய பெட்டியை மலிவாக யாராவது தந்தால், அந்த உருவத்துக்கு இன்றைய விதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மற்ற படைகளில் நான் எதிரில் நின்று பார்த்தவை சில. ஸ்டார்ம்காஸ்ட் எடர்னல்ஸ் நல்ல தொடக்கம். 2015 முதல் ஒவ்வொரு பதிப்பின் தொடக்கப் பெட்டியிலும் ஒரு பக்கம் அவர்கள்தான், அதனால் இரண்டாம் கையாக ஏராளமாகக் கிடைக்கும். ரெட்ரிப்யூட்டர் தங்க ஸ்ப்ரே அடித்து, ரெய்க்லாண்ட் கழுவல் ஒன்று கொடுத்தால் முக்கால் வேலை முடிந்தது. அடி தாங்கும் படை வேண்டும் என்பவர்களை நான் அங்கேதான் அனுப்புகிறேன். பாய்ச்சல்தான் வேண்டும், ஆனால் ஓகர் பிடிக்கவில்லை என்றால் பச்சைத்தோல் அயர்ன்ஜாஸ். நைட்ஹான்ட் ஆவிகளுக்கு வண்ணம் பூசுவது மிக எளிது, ஆனால் கிழிந்த துணிநுனிகள் மெலிதாக இருப்பதால் பையில் போட்டு எடுத்துப்போக அஞ்ச வேண்டும்.

சன்ஸ் ஆஃப் பெஹெமட் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2020இல் வந்த இராட்சதர் படை இது, நான்கைந்து உருவங்களில் 2,000 பாயிண்ட் முடிந்துவிடும். எண்ணிக்கையைப் பாருங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, அப்படியானால் இதுதானே எல்லாவற்றிலும் எளிது என்று தோன்றும். விளையாடிப் பார்த்தவரை அப்படி இல்லை. ஒரு இராட்சதன் தவறான இடத்துக்குப் போனால் படையின் கால்பங்கு தவறான இடத்தில் இருக்கிறது, திருத்திக்கொள்ள வழியில்லை. செய்வதற்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தீர்மானங்கள்தான். கற்றுக்கொள்ளக் கொஞ்சம் தப்பு செய்யவும் இடம் வேண்டும். எனக்கு ஐந்தாறு அணிகள், இருபது முப்பது உருவங்கள் என்ற அளவு அதற்குச் சரியாக இருந்தது.

இன்று புதிதாகத் தொடங்குபவர் முழுப் படையை வாங்க வேண்டியதில்லை. நான்காம் பதிப்போடு ஸ்பியர்ஹெட் என்ற சிறிய ஆட்டம் வந்திருக்கிறது. ஒரு படைக்கு ஒரே பெட்டி, 30க்கு 22 அங்குலப் பலகை, நான்கே சுற்றுகள். சாப்பாட்டு மேசையில் விளையாடிவிடலாம். யார் எதை எடுப்பது என்ற பாயிண்ட் கணக்கும் கிடையாது. நான் தொடங்கிய காலத்தில் இது இருந்திருந்தால் எலிப்பெட்டி ஒன்றும் ஓகர் பெட்டி ஒன்றும் கடனாக வாங்கி, இரண்டு மாலைகளில் முடிவு செய்திருப்பேன். கடையில் கேட்டுப் பாருங்கள். எங்கள் கடையில் யார் கேட்டாலும் வியாழக்கிழமை என் பெட்டியைக் கொடுக்கிறேன்.

இப்போது மேசையில் பாதி ஒட்டிய நிலையில் ஒரு அயர்ன்பிளாஸ்டர் இருக்கிறது, ரைனாக்ஸ் இழுக்கும் பெரிய பீரங்கி வண்டி. சுடும் படைகளுக்குப் பதில் சொல்ல எனக்கு இத்தனை நாள் இல்லாதது அதுதான். ரைனாக்ஸின் ரோமத்துக்கு அடர்பழுப்பு போட்டுப் பார்த்தேன், ஸ்டோன்ஹார்னோடு சேரவில்லை. இந்த வார இறுதியில் சாம்பல் நிறத்தில் மறுபடி தொடங்குகிறேன்.