தையல் பாடத்துக்கு ஒரு மெம்பர்ஷிப் தளம்: நான்கு வருடம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் வகுப்பு நடத்துகிறேன். பிளவுஸ் கட்டிங், லைனிங், பிரின்சஸ் கட், கொஞ்சம் ஆரி ஒர்க். 2020 ஊரடங்கில் வகுப்பு வாட்ஸ்அப்புக்குப் போனது. ஒருத்தி பணம் கட்டுவாள்; வீடியோ நாத்தனார், எதிர்வீடு என்று போய்க்கொண்டே இருக்கும். யாருக்கு மாதம் முடிந்தது என்று ராத்திரி பத்து மணிக்கு நோட்டைப் புரட்டி, ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டோடு ஒத்துப் பார்ப்பேன். அந்த வேலையிலிருந்து விடுபடத்தான் 2021 அக்டோபரில், பணம் கட்டியவர்களுக்கு மட்டும் பாடம் திறக்கும் தளம் ஒன்றைத் தொடங்கினேன். எனக்குக் கோடிங் தெரியாது. இன்றுவரை ஒரு வரி எழுதியதில்லை.

தளம் போடுவது நினைத்த அளவுக்குக் கஷ்டமில்லை. டொமைன் (தளத்தின் முகவரி), ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் வாடகை இடம்), அதில் ஒரே அழுத்தில் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள், அதன்மேல் உறுப்பினர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மெம்பர்ஷிப் ப்ளகின் (கூடுதலாகச் சேர்க்கும் துணை மென்பொருள்). எந்தப் பக்கம் எல்லோருக்கும், எது கட்டியவர்களுக்கு மட்டும் என்று டிக் அடித்தால் போதும். இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஹோஸ்டிங்கின் முதல் வருட விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். எனக்கு இரண்டாம் வருட பில் இரண்டு மடங்குக்கு மேல் வந்தது. புதுப்பிக்கும் விலை என்ன என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பணம் வாங்கும் இடத்தில்தான் நிறைய கற்றேன். இதற்கு வெளிநாட்டு வீடியோக்கள் பேபால் என்ற பணம் கட்டும் சேவையைக் காட்டும். இந்தியாவுக்குள் நடக்கும் பரிமாற்றத்தை பேபால்காரர்கள் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அதனால் நம் ஊர் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) ஒன்றை முதலில் முடிவு செய்து, அதோடு சேரும் ப்ளகினைப் பிறகு தேடுங்கள். நான் தலைகீழாகச் செய்து ஒரு ப்ளகின் காசை இழந்தேன். கேட்வேக்கு பான், வங்கிக் கணக்கு வேண்டும். தளத்தில் விதிமுறை, தனியுரிமை, பணம் திருப்பித் தரும் முறை, தொடர்பு விவரம் எல்லாம் தனித்தனிப் பக்கமாக இருக்க வேண்டும். இவை இல்லாததால் என் விண்ணப்பம் முதல் முறை திரும்பி வந்தது. கேட்வேயின் கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 999 ரூபாய் வந்தால் 23 ரூபாய் 58 காசு போகும்.

அடுத்தது தானாகப் பணம் எடுக்கும் முறை. மாதம் 199 ரூபாய் என்று அப்படித்தான் ஆரம்பித்தேன். 2021 அக்டோபர் 1-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டிலிருந்து மாதாமாதம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு போக வேண்டும். யுபிஐ ஆட்டோபேயிலும் முன்னறிவிப்பு உண்டு. நல்ல விதிதான், கேட்காமல் யார் பணத்தையும் எடுக்கக் கூடாது. ஆனால் என்னிடம் படிக்கிற பெண்களில் பாதிப் பேர் கட்டுவது வீட்டுக்காரர் போனிலிருந்து. மாதாமாதம் "199 எடுக்கப்போகிறோம்" என்று அவருக்கு மெசேஜ் போகும். "இன்னும் எத்தினி மாசத்துக்கு இந்தத் தையலு?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். அந்தப் பெண் கைவேலையில் அவ்வளவு சுத்தம். ஆம்ஹோல் வளைவை ஒரே தடவையில் பிடித்தவள். அந்த மாதத்தோடு நின்றுவிட்டாள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

மூன்றாம் மாதமே மாற்றினேன். ஆறு மாதத்துக்கு 999, ஒரே தடவை. முடிய ஒரு வாரம் இருக்கும்போது நினைவூட்டல் படிக்கும் பெண்ணின் சொந்த நம்பருக்கு மட்டும். தையல் கூலி கையில் வந்ததும் புதுப்பிப்பவர்கள் அதிகம். ஆட்டோ டெபிட்டை விட இது குறைவான வருமானம் என்று சொல்பவர்கள் உண்டு. என் கணக்கில் அப்படி இல்லை.

ஒரு தடவை தளம் மெதுவாக இருக்கிறதென்று வேகம் கூட்டும் ப்ளகின் போட்டேன். மறுநாள் "கட்டிட்டேன்க்கா, பூட்டுதான் தெரியுது" என்று போன்மேல் போன். பக்கத்தின் பழைய நகலைச் சேமித்து வைத்து, உள்ளே வந்தவருக்கும் வெளியாள் பார்க்கும் பக்கத்தையே அது காட்டிக்கொண்டிருந்தது. உறுப்பினர் பக்கங்களை அந்த நகல் சேமிப்பிலிருந்து (cache) விலக்கிய பிறகு சரியானது. காரணம் கண்டுபிடிக்க ஐந்து நாள்.

பாஸ்வேர்டு அடுத்த தலைவலி. மறந்தவர்களுக்கு மாற்றும் லிங்க் இமெயிலில் போகும். அது ஸ்பேமில் விழும். பலர் மெயிலே திறப்பதில்லை. போன் நம்பரும் ஓடிபியும் என்று மாற்றியபின் அந்த அழைப்புகள் கிட்டத்தட்ட நின்றன. எஸ்எம்எஸ் செலவு தனி. கொடுக்கலாம், தகும்.

வீடியோவை ஹோஸ்டிங்கிலேயே ஏற்றாதீர்கள், இடம் நிரம்பும், ஓடாது. யூடியூபில் லிங்க் உள்ளவர்களுக்கு மட்டும் என்று போட்டால், அந்த லிங்க்தான் ஊர் சுற்றும். நம் டொமைனில் மட்டும் ஓடும்படி கட்டுப்படுத்தும் வீடியோ சேவைக்குக் காசு கட்டுகிறேன். அப்படியும் ஸ்க்ரீன் ரெக்கார்டு எடுப்பவர்களைத் தடுக்க முடியாது. பேட்டர்ன் அளவுச் சந்தேகங்களுக்கு வாரம் ஒருமுறை நேரலையில் பதில் சொல்கிறேன், அதற்காகவே புதுப்பிக்கிறார்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இங்கே நாள்கணக்கில் கரண்ட் இல்லை, தெருவில் தண்ணீர். தளம் வேறு ஊர் சர்வரில் ஓடிக்கொண்டிருந்தது, பார்க்க வேண்டியவர்கள் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் இருட்டில் இருந்தார்கள். எல்லோருக்கும் முடிவு தேதியைப் பதினைந்து நாள் தள்ளிவைத்தேன். உறுப்பினர் பட்டியலில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மாற்ற முடிந்தது. நோட்டாக இருந்தால் அன்று அதுவும் நனைந்திருக்கும்.

இந்த மாதம் ஆரியைத் தனிக் கட்டணம் உள்ள உறுப்பினர் நிலையாகப் பிரிக்கிறேன். விலை இன்னும் வைக்கவில்லை. யார் போனிலிருந்து கட்டுவீர்கள், எந்தத் தேதியில் கையில் காசு இருக்கும் என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.