440 வோல்ட்டை எது தாங்கும்: பாலிப்ரொப்பிலீனா, செராமிக்கா, ஆக்சைடா?

மெதுவாகிப்போன சீலிங் ஃபேனின் கண்டென்சரை (மின்னூட்டத்தைச் சேமிக்கும் உறுப்பு; 440 வோல்ட், 2.5 மைக்ரோஃபாரட்) பிரித்து, உள்ளே சுருட்டியிருந்த பாலிப்ரொப்பிலீன் பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். அதன் மேலிருந்த வெள்ளி நிற உலோகப் பூச்சில் அங்கங்கே ஊசிமுனை அளவுக்குத் தெளிவான புள்ளிகள். ஒவ்வொன்றும், வோல்ட்டேஜ் தாங்காமல் பிலிம் துளைபட்ட இடம். துளை விழுந்ததும் சுற்றியிருந்த உலோகம் ஆவியாகி, அந்த இடம் மட்டும் ஒதுங்கிக்கொள்கிறது, ஷார்ட் ஆவதில்லை. புள்ளிகள் பெருகப் பெருக அந்த 2.5 மைக்ரோஃபாரட் கொள்திறன் (மின்னூட்டம் பிடிக்கும் அளவு) குறைந்துகொண்டே வரும், ஃபேனும் தளர்ந்துவிடும். அடிபட்டாலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் இந்தக் குணத்துக்காகவே வீட்டு மின்சாரத்துக்கு நான் பிலிமைத்தான் நம்புவேன்.

காற்று ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் தாங்கும். மெல்லிய பாலிப்ரொப்பிலீன் ஒரு மைக்ரானுக்கே சில நூறு வோல்ட் தாங்குகிறது. சரி, பிலிமை இன்னும் தடியாக்கினால் என்ன? தடிமன் இரட்டிப்பானால் கொள்திறன் பாதியாகும். அதை மீட்கப் பரப்பையும் இரட்டிப்பாக்க வேண்டும். கண்டென்சர் நான்கு மடங்கு பெருத்துவிடும்.

செராமிக் கையடக்கமானது. ஆனால் பேரியம் டைட்டனேட் வகையில் டிசி வோல்ட்டேஜ் ஏற ஏறக் கொள்திறன் சரிகிறது. அச்சிட்ட வோல்ட்டேஜுக்குப் போவதற்குள்ளேயே சிலவற்றில் பாதிக்கும் மேல் போய்விடும். சர்க்யூட் போர்டு வளைந்து விரிசல் விட்டால் பெரும்பாலும் ஷார்ட்தான்.

எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரின் சங்கதியே வேறு. இதில் மின்கடத்தாப் பொருள், அலுமினியத் தகட்டின் மேலேயே வளர்த்த ஆக்சைடு. ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர் என்று வளரும். 450 வோல்ட் கண்டென்சரில்கூட அது ஒரு மைக்ரானைத் தொடாது. அதனால்தான் சின்ன டப்பாவில் அத்தனை மைக்ரோஃபாரட் அடங்குகிறது. 230 வோல்ட் ஏசியின் உச்சம் சுமார் 325. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயருக்குப் பின்னால் 400 அல்லது 450 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் போடுவதே சரி. ஆனால் ஆக்சைடு ஒரு திசையில்தான் தாங்கும். மாற்றிக் கொடுத்தால் சூடாகி, வாயு சேர்ந்து, மேல்மூடி பிளக்கும். திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏசியில் ஓடும் ஃபேனுக்கு இது ஆகாது.

இன்னொன்று: வோல்ட்டேஜே காணாமல் கிடந்தால் ஆக்சைடு மெலிந்துபோகும். பல வருடம் பரணில் இருந்த ஆம்ப்ளிஃபயரை எடுத்தவுடன் 230-இல் சொருகாதீர்கள். வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கில் மெல்ல மெல்ல ஏற்றினால், எலக்ட்ரோலிட்டிக்குக்குள் இருக்கும் திரவமே ஆக்சைடைத் திரும்ப வளர்த்துவிடும்.