ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம்: நீர் விளையாட்டோடு நின்றுவிடாதீர்கள்

சிங்கப்பூர்ப் பூமலையின் (பொட்டானிக் கார்டன்ஸ்) புக்கிட் தீமா பக்கம் இருக்கும் இந்தத் தோட்டத்துக்குக் கட்டணம் கிடையாது. ஒரே ஒரு விதி: 14 வயது வரையிலான பிள்ளை கூட வந்தால்தான் பெரியவர்களை உள்ளே விடுவார்கள். தேசியப் பூங்காக் கழகம் செய்த ஆகச் சிறந்த காரியம் இதுதான் என்பேன். பிள்ளையின் கையை விட்டுவிட்டுப் பத்தடி தள்ளி உட்காரும் தைரியம் பெற்றோருக்கு இதனால்தான் வருகிறது.

2007இல் திறந்த தோட்டம் 2017இல் இரு மடங்காகி 4 ஹெக்டேர் ஆனது. பல குடும்பங்கள் நீர் விளையாட்டிலும் மணலிலுமே பொழுதைக் கழித்துவிட்டுக் கிளம்பிவிடுகின்றன. அதெல்லாம் பேரங்காடி மாடியிலும் கிடைக்கும். விரிவாக்கிய பகுதிக்குப் போங்கள்: பழமரங்கள், செடிப் பாத்திகள், ஓடையும் குளமுமாக ஒரு சிறு காடு. சருகு ஒன்றை ஓடையில் விட்டு, அது எந்தக் கல்லில் சிக்குகிறது என்று பார்ப்பதிலேயே பிள்ளைக்கு அரைமணி நேரம் ஓடிவிடும். அவசரப்படுத்தாதீர்கள்.

வெளியில் விளையாடுவது கண்ணுக்கும் நல்லது. சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை என்பார்கள். மரநிழலில்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் உண்டு. அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்து, விழிக்கோளம் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ஆனால் அதற்குத் தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியில் இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை போதாது. இங்கே கடைசி நுழைவு மாலை 6.30, மூடுவது 7 மணிக்கு, திங்கள் விடுமுறை. வேலைக்குப் போகும் பெற்றோருக்குச் சனி, ஞாயிறுதான் மிச்சம். நேரத்தை நீட்டிப்பதாலும் பயனில்லை, ஏழு மணியளவில் சூரியன் மறைந்துவிடும். ரப்பர் தரை போட்ட வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) விளையாட்டுத் திடல்களில் கொஞ்சம் மண்ணும் ஓடுகிற நீரும் வந்தால்தான் வெளியில் விளையாடுவது அன்றாடப் பழக்கமாகும். அடுத்த முதலீடு அங்கேதான் போக வேண்டும்.

போகிறவர்கள் காலை 8 மணிக்கே போய்விடுங்கள். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்க வேண்டியிருக்கும். முதலில் ஓடை, பழமரங்கள். நீர் விளையாட்டைக் கடைசியில் வையுங்கள். முதலிலேயே நனைந்த பிள்ளை ஈரத்துணியோடு காட்டுப் பக்கம் நடக்கச் சிணுங்கும். இரண்டு செட் மாற்றுத் துணி, கொசுத் தைலம், நழுவாத செருப்பு அவசியம். பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.