அடுத்த புத்தகத்தை யாரிடம் கேட்பது?

அறிபுனையும் (அறிவியல் புனைகதை) ஃபேண்டஸியும் படிக்கிறவர்களுக்கென்றே ஒரு தனித் தலைவலி உண்டு. ஒரு துப்பறியும் கதை சொதப்பினால் ஒரு ராத்திரி போச்சு, அவ்வளவுதான். ஃபேண்டஸித் தொடர் சொதப்பினால் ஏழு பாகம், நாலாயிரம் பக்கம் (அதுவும் எழுதுகிறவர் முடித்துத் தொலைத்திருந்தால்). அதனால் அடுத்து எதைப் படிக்கலாம் என்று யாரிடம் கேட்கிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. நான் மாறி மாறிக் கேட்டுப் பார்த்தது நாலு இடத்தில்: விருதுப் பட்டியல், நட்சத்திர மதிப்பெண், வாசிப்புக் குழு, அப்புறம் ஒரே ஒரு நண்பர்.

இந்த வகை எழுத்துக்குக் கொடுக்கும் விருதுகளில் ஹியூகோ, நெபுலா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது நம் வழக்கம். ஆனால் 1953இல் தொடங்கிய ஹியூகோவுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் பணம் கட்டிச் சேர்ந்த உறுப்பினர்கள், பெரும்பாலும் வாசகர்கள். 1966 முதல் வழங்கப்படும் நெபுலாவுக்கு ஓட்டு எழுத்தாளர்களுடையது. ஆர்தர் சி. கிளார்க் விருது வேறு ரகம், நடுவர்கள் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பது. 1987இல் முதல் விருதையே மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலுக்குக் கொடுத்தார்கள். விண்கலமும் கிடையாது, வேற்றுக்கிரகமும் கிடையாது. நானாகத் தேடிப் போயிருக்கவே மாட்டாத புத்தகம் வேண்டுமென்றால் நடுவர் பட்டியலைத்தான் முதலில் பார்ப்பேன்.

ஆனால் பட்டியலில் எது இடம்பிடிக்கிறது என்பதில் தற்செயலுக்கும் பங்குண்டு. 2015 ஹியூகோவில் ஒரு தரப்பு முன்கூட்டியே பெயர்ப்பட்டியல் போட்டு நியமன ஓட்டுகளைக் குவித்தது. அந்தப் பட்டியலில் தன் நாவலும் இருந்ததைப் பார்த்த ஓர் எழுத்தாளர் விலகிக்கொண்டார், காலியான அந்த இடத்தில்தான் சீன எழுத்தாளர் லியு சிஷினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' உள்ளே வந்தது, கடைசியில் ஜெயித்ததும் அதுதான். அந்த விருதை வென்ற முதல் மொழிபெயர்ப்பு நாவல்! அதே வருஷம் ஐந்து பிரிவுகளில், ஓட்டுச்சீட்டில் ஒரு தேர்வாகவே இருக்கும் 'யாருக்கும் விருது இல்லை' என்பதே வெற்றி பெற்றது. அவர் மட்டும் விலகாமல் இருந்திருந்தால் விருதுப் பட்டியலை நம்பிப் படிக்கும் என் போன்றவர்கள் எத்தனை பேர் அந்த நாவலைத் தொட்டிருப்போம்?

நட்சத்திரங்களைப் பற்றிப் பேச அதிகம் இல்லை, ஒரே ஒரு சூட்சுமம் தவிர. ஒரு தொடரின் முதல் பாகத்தைவிட நான்காம் பாகத்துக்கு மதிப்பெண் அதிகமாக இருந்தால் கதை மேலே மேலே ஏறுகிறது என்று நினைக்காதீர்கள். பிடிக்காதவர்கள் முதல் பாகத்திலேயே இறங்கிப் போயிருப்பார்கள், மிச்சம் இருக்கிறவர்கள் பக்தர்கள். முதல் பாகத்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் என்ன குறை சொல்கிறார்கள் என்று பார்த்தால் போதும், விஷயம் அங்கேதான் இருக்கும்.

வாசிப்புக் குழு புத்தகம் கண்டுபிடிக்க லாயக்கில்லை. சொல்லிவிட்டேன். பத்துப் பேர் ஓட்டுப் போட்டால் எல்லோருக்கும் பரவாயில்லை என்று படுகிற ஒன்றுதான் வரும், ஒருத்தருக்கு உயிராக இருக்கிற அந்த விசித்திரமான நாவல் வரவே வராது. ஆனால் படித்து முடித்தபின் பேசுவதற்குக் குழுவை அடிக்க ஆளில்லை. மேலே சொன்ன லியு சிஷின் நாவலையே எங்கள் குழுவில் எடுத்தோம். 1967இல், சீனாவின் கலாச்சாரப் புரட்சியின் நடுவில், அப்படி ரத்தக்களரியாகத் தொடங்க என்ன துணிச்சல் என்று அரைமணி நேரம் சிலாகித்துக்கொண்டிருந்தோம். அதுவரை வாயே திறக்காமல் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "சீனத்துல வந்த புத்தகத்துல அந்த அத்தியாயங்கள் நடுவுலதாங்க இருக்கு. இங்கிலீஷ்லதான் முன்னாடி கொண்டுவந்தாங்க." அதுவரை பேசியதெல்லாம் தலைகீழானது. ஒளித்து வைத்தால் கதைக்கு நல்லதா, முதலிலேயே போட்டு உடைப்பது நல்லதா என்று அடுத்த ஒரு மணி நேரம் ஓடியது. தனியாகப் படித்திருந்தால் எனக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

தொடர்கள் என்றால் மட்டும் குழு ஆபத்து. எல்லாப் பாகங்களையும் முடித்தவர் ஒருவர் இருந்தால் போதும். ஸ்பாய்லரே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, "அந்தப் பையன்மேல ரொம்ப ஆசை வச்சிடாதீங்க" என்பார். இனி என்ன சொல்ல மிச்சம் இருக்கிறது? எந்த அத்தியாயம் வரை பேசலாம் என்று கோடு போட்டுக்கொள்ளாமல் ஆரம்பிக்கவே கூடாது.

நண்பருக்கும் எனக்கும் ரசனை நேரெதிர். அவருக்குக் கதை ஓட வேண்டும், எனக்கு அந்த உலகத்தின் சட்டதிட்டம், நாணயம், சாமி எல்லாம் தெரிய வேண்டும். ரசனை ஒத்துப்போகிறவர் சொல்வதைவிட இவர் திட்டுவது எனக்கு நம்பகமாக இருக்கிறது. பாராட்டும்போது எல்லோரும் "செமயா இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள், திட்டும்போதுதான் புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று விலாவாரியாகச் சொல்கிறார்கள். பேச்சுக்கு மட்டும் இவர் ஆகாது, பாதியில் மூடி வைத்த புத்தகத்தைப் பற்றி அவரிடம் என்ன பேச?

நேற்று ராத்திரி அவரிடமிருந்து வந்தது: "டிராகன் வருதுன்னு நம்பி எடுத்தேன். இருநூறு பக்கமா உட்கார்ந்து ஊர் வரிக்கணக்கு பாத்துட்டு இருக்கு. முடியல." புத்தகத்தின் பெயர் கேட்டு அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதிலைக் காணோம்.