தக்காளிப் பக்கக்கிளைக்குக் கூர்நுனிக் கத்தரி: எதை வாங்கலாம், எதை விடலாம்

தக்காளிச் செடிக்கென்று தனியாக ஒரு கத்தரி வேண்டுமா என்று கேட்டால், முதலில் விரலைத்தான் சொல்ல வேண்டும். இலையின் இடுக்கில் முளைக்கும் பக்கக்கிளையைக் கிள்ளி எடுக்க, அது 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும்வரை எந்தக் கருவியும் விரலுக்கு ஈடாகாது. அடியில் பிடித்து ஒரு பக்கம் சாய்த்து, உடனே எதிர்ப்பக்கம் சாய்த்தால் சுத்தமாக ஒடிந்து வரும். காயம் சிறியது, வெயிலில் அன்றைக்கே காய்ந்துவிடும். வாரம் ஒருமுறை செடி செடியாகப் பார்த்துக் கிள்ளுபவருக்குக் கத்தரி எப்போதாவதுதான் தேவைப்படும்.

பத்து நாள் பார்க்காமல் விட்டால் நிலைமை வேறு. அதே கிளை பென்சில் கனத்துக்குப் பருத்து, அடியில் நார் கட்டிவிடும். அதை விரலால் ஒடித்தால் தண்டின் தோலும் நீளவாக்கில் உரிந்துகொண்டு வரும். அந்தக் காயம் லேசில் ஆறாது, ஈரம் தங்கும், சாம்பல் பூஞ்சணம் அதன் வழியாகத் தண்டுக்குள் இறங்கும். முற்றிய கீழிலையும் பழக்கொத்தின் காம்பும் இப்படித்தான் படுத்தும். கடைகளில் ஸ்னிப்ஸ் என்ற பெயரில் தொங்கும் கூர்நுனிக் கத்தரி இந்த வேலைகளுக்கானது. கைப்பிடியின் நிறத்தையும் அட்டையில் அச்சடித்த வாசகங்களையும் விட்டுவிட்டு, இவற்றை எப்படிச் செய்கிறது என்று மட்டும் பார்ப்போம்.

கத்தரியின் மூக்குதான், அதாவது நுனிப்பகுதிதான், முதலில். பக்கக்கிளை முளைப்பது தண்டும் இலைக்காம்பும் சேரும் இடுக்கில். இளஞ்செடியில் அங்கே சுண்டுவிரல் நுழைவதே சிரமம். அலகு 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளமும், அடியிலிருந்து நுனிவரை சீராக மெலிந்த வடிவமும் கொண்ட கத்தரி இதற்குள் தடையில்லாமல் போகும். ரோஜாவுக்கும் பழமரத்துக்கும் பயன்படும் பைபாஸ் கவாத்துக் கத்தரி நல்ல கருவி. ஆனால் அதன் கொக்கி போன்ற தடித்த கீழ்த்தாடை இடுக்கில் நுழையாது. வெட்டு தள்ளி விழுந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கட்டை நிற்கும், இல்லையென்றால் பக்கத்து இலைக்காம்பில் கீறல் விழும். எடையும் ஒரு பிரச்சினை. பைபாஸ் கத்தரி 200 கிராமுக்கு மேல் இருக்கும், ஸ்னிப்ஸ் அதில் பாதிதான். ஐம்பது செடியைத் தாண்டும்போது மணிக்கட்டுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆன்வில் வகையை, அதாவது ஒரே அலகு கீழே உள்ள தட்டைப் பட்டையின் மேல் அழுந்தி நறுக்கும் வகையை, தக்காளிக்கு வாங்கவே வேண்டாம். காய்ந்த குச்சிக்குத்தான் அது. நீர் நிறைந்த பச்சைத் தண்டை அது வெட்டுவதற்கு முன் நசுக்கிவிடும். நசுங்கிய திசு அழுகத் தொடங்கும்.

நுனி நேராக இருப்பதா, வளைந்திருப்பதா? பக்கக்கிளைக்கு நேர் நுனி போதும், சாணை பிடிக்கவும் எளிது. வளைந்த நுனி பழம் பறிக்கையில் உதவும்: காம்பைப் பழத்தோடு ஒட்ட நறுக்கலாம், மீந்த காம்பு கூடையில் அடுத்த பழத்தைக் குத்தாது. ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் நேர் நுனியே வாங்குங்கள்.

கடையிலேயே சோதித்துப் பார்க்க ஒரு டிஷ்யூ தாள் போதும். அதை லேசாக நனைத்து, அலகின் கடைசி ஒரு சென்டிமீட்டரால் மட்டும் வெட்டிப் பாருங்கள். தாள் அறுபடாமல் அலகுகளுக்கு நடுவே மடிந்து போனால் கீல் தளர்வு, அல்லது அலகுகள் சரியாக உரசவில்லை. பிறகு கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நுனிகள் தொட்டுக்கொண்டு நடுவில் மெல்லிய கீற்று தெரிவது நல்ல அறிகுறி. நுனியிலேயே வெளிச்சம் தெரிந்தால் அது எந்த நிறுவனத்தின் பொருளானாலும் வைத்துவிடுங்கள். இந்த வேலையில் வெட்டுவது நுனிதான்.

கீல் ரிவெட் அடித்ததா, திருகு போட்டதா என்பதை வாங்குபவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. நுனிக்கு அடுத்தபடி நான் எடை போடுவது இதைத்தான். திருகு இருந்தால் தளர்வை இறுக்கலாம், அதைவிட முக்கியமாக, இரு அலகுகளையும் பிரித்துக் கழுவலாம். தக்காளித் தண்டின் மெல்லிய ரோமங்களில் பிசுபிசுப்பான சுரப்பு உண்டு. விரலில் மஞ்சள் கலந்த பச்சையாகத் தொடங்கிக் கறுப்பாக மாறும் கறை அதனால் வருவது. அது கீலுக்குள் போய்க் காய்ந்து மெழுகுபோல் படிந்துவிடும். முதலில் கத்தரி மெதுவாகத் திறக்கும், பிறகு ஸ்பிரிங்கால் திறக்கவே முடியாது. ரிவெட் அடித்த மலிவுக் கத்தரிகள் ஒரே பருவத்தில் ஓய்ந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். அலகு அப்போதும் கூராகவே இருக்கும்.

ஒட்டாத பூச்சு பூசிய அலகு இந்தப் பிசினைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கும். முதல் சாணையோடு விளிம்பில் பூச்சு போய்விடும் என்பதால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. துருப்பிடிக்காத எஃகு என்றால் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். கார்பன் எஃகு இன்னும் கூராக நிற்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். தக்காளி வேலையில் கத்தரி அடிக்கடி நனையும். ஆகவே துருப்பிடிக்காததையே தேர்ந்தெடுங்கள். பூட்டு கீலுக்கு அருகில், கட்டைவிரலால் தள்ளும்படி இருக்கட்டும். கைப்பிடி இரு பக்கமும் ஒரே வடிவமாக இருந்தால் இடக்கைக்காரருக்கும் பிடி சரியாக அமையும்.

சுத்தம் செய்வதைப் பற்றி எந்த அட்டையிலும் போதுமான அளவு எழுதுவதில்லை. கத்தரி வாங்கும்போது இதையும் யோசித்தே வாங்க வேண்டும். தக்காளி மொசைக் வைரசும் புகையிலை மொசைக் வைரசும் சாற்றின் வழியே பரவுபவை. நோயுள்ள செடியில் ஒரு வெட்டு வெட்டிய கத்தரி, அடுத்தடுத்த செடிகளுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். 2014-15 வாக்கில் இஸ்ரேலிலும் ஜோர்டானிலும் வெளிப்பட்டுப் பல கண்டங்களுக்குப் பரவிய பழச்சுருக்க வைரசும் அதே குடும்பம்தான். கை, துணி, கருவி எல்லாவற்றிலும் பயணம் செய்யும். பாக்டீரியாவால் வரும் தண்டுப் புற்றும் கவாத்துக் காயத்தின் வழியாக நுழையும். புகையிலையைத் தொட்ட கை சோப்பால் கழுவாமல் செடியைத் தொடக்கூடாது என்பதும் இதனால்தான்.

70 சதவீத ஆல்கஹாலில் துடைத்தால் பாக்டீரியா போகும். மொசைக் வகை வைரசுகளை அது நம்பும்படி அழிக்காது. வைரசுக்கு வீட்டு ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, அலகை ஒரு நிமிடம் ஊறவிட வேண்டும். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். சாறும் மண்ணும் கலந்தால் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். ப்ளீச் துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும், ஆகவே வேலை முடிந்ததும் தண்ணீரில் அலசி, துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய். இன்னொரு வழி கொழுப்பு நீக்கிய பால்பொடிக் கரைசல்: 500 மில்லி தண்ணீருக்கு 100 கிராம். பாலின் புரதம் வைரசுத் துகளைப் போர்த்தி அது செடிக்குள் தொற்றுவதைக் குறைக்கும். கையையும் அதிலேயே நனைக்கலாம், எஃகுக்கும் கெடுதல் இல்லை. அலகில் படிந்த கறுப்புப் பிசினை எலுமிச்சைச் சாறோ வினிகரோ கரைக்கும். ஆனால் அதை ப்ளீச் தொட்ட அலகில், அலசாமல் ஊற்றாதீர்கள், நச்சு வாயு வரும்.

ஒவ்வொரு செடிக்கும் ஒரு நிமிடம் காத்திருப்பது நடக்காத காரியம். விலையுயர்ந்த ஒன்றுக்குப் பதில் நடுத்தரமான இரண்டு கத்தரி வாங்குவதே மேல். ஒன்று ஊறும்போது மற்றது வெட்டும், செடி மாறும்போது கத்தரியும் மாறும். நோய் இருக்கிறது என்று சந்தேகப்படும் செடிகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் செடியில் வெட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே கத்தரியால் நன்மையோ தீமையோ. நிற்காமல் வளரும் கொடி ரகத்துக்குத்தான் பக்கக்கிளை நீக்கம். குட்டையாகப் புதராக நிற்கும் ரகத்தில் ஒவ்வொரு கிளையும் பூங்கொத்தில் முடியும். அதைக் கவாத்து செய்தால் வெட்டி எறிவது விளைச்சலைத்தான். எந்த ரகம் என்று தெரியாவிட்டால் கொத்துகளுக்கு இடையே இலையை எண்ணிப் பாருங்கள். கொடி ரகத்தில் பொதுவாக மூன்று இலைக்கு ஒரு கொத்து. குட்டை ரகத்தில் ஒன்று அல்லது இரண்டு, பிறகு நுனியே கொத்தாகி வளர்ச்சி நின்றுவிடும்.

புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு, பூங்கொத்தைப் பக்கக்கிளை என்று நினைத்து வெட்டுவது. கொத்து இரண்டு கணுக்களுக்கு நடுவே வெறும் தண்டிலிருந்து வரும். பக்கக்கிளை எப்போதும் இலையின் இடுக்கில் இருக்கும். அடியில் இலை இல்லையென்றால் வெட்டாதீர்கள். அடுத்த தவறு, உச்சித் தளிரையே வெட்டிவிடுவது. நடந்துவிட்டால் செடி போய்விடாது. மேலே உள்ள பக்கக்கிளை ஒன்றை விட்டு, அதையே புதிய தண்டாகக் குச்சியில் கட்டுங்கள். இரண்டு தண்டு வேண்டும் என்பவர் முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே வரும் கிளையை வைத்துக்கொள்ள வேண்டும், செடியில் அதுதான் வலுவானது.

வெட்டும் நேரம் காலைதான், பனி காய்ந்த பிறகு. தண்டில் நீர் நிறைந்திருப்பதால் வெட்டு சுத்தமாக விழும், பகல் முழுதும் காயம் உலர நேரமும் கிடைக்கும். கத்தரியின் தட்டையான பக்கம் தண்டை நோக்கி இருக்கட்டும், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் மிச்சம் விட்டு ஒரே அழுத்தில் வெட்டுங்கள். தண்டோடு ஒட்ட வெட்டப் போய்த் தண்டைக் கீறுவது, நீளக் கட்டை விடுவதைவிட மோசம். கிளை ஏற்கெனவே ஒரு முழத்துக்கு வளர்ந்து பூவும் விட்டிருந்தால் அடியோடு எடுக்க வேண்டாம். இரண்டு இலையை விட்டு நுனியை மட்டும் நறுக்குங்கள். கடும் வெயிலில் அந்த இலைகள் காய்களுக்கு நிழல் தரும், தோல் வெளுத்து வெந்துபோகாது. கீழிலைகளையும் வாரத்துக்கு இரண்டு மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.

சாணை பிடிப்பது சுலபம். சாய்வு உள்ள பக்கத்தை மட்டும், அதே சாய்வில், நுண்ணிய கல்லில் அடியிலிருந்து நுனிக்கு ஐந்தாறு முறை இழுத்தால் போதும். தட்டைப் பக்கத்தில் எழும் பிசிறைக் கல்லில் படுக்கவைத்து ஒரே ஒரு முறை தேய்த்து எடுங்கள். அங்கே சாய்வு உண்டாகிவிட்டால் அலகுகளுக்கு நடுவே இடைவெளி விழும், பிறகு எவ்வளவு தீட்டினாலும் இலைக்காம்பு மடிந்து சிக்கும். கீழே விழுந்து நுனி வளைந்த கத்தரியைத் தட்டி நேராக்க முயல வேண்டாம், மெல்லிய அலகு ஒடிந்துவிடும். அதைக் கட்டுக்கயிறு நறுக்க வைத்துக்கொண்டு, பக்கக்கிளைக்கு வேறொன்று வாங்குங்கள்.