அமாவிஸா, ஆர்ஸ்பாம்டியா? சின்னக் கந்தோரின் மெயில் சேர்வருக்கு எது சரிவரும்

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் பனம்பொருட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சின்னக் கந்தோர். 18 மெயில் பெட்டிகள், வாடகை சேர்வரில் 2 ஜிபி ராம். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும், அதைப் பெட்டியில் வைத்துப் படிக்கக் கொடுக்கும் டவ்கொட்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. வரும் மெயிலில் ஸ்பாமோ (வேண்டாத மெயில்) வைரஸோ இருக்கிறதா என்று சோதிக்கப் பக்கத்தில் எதை இருத்துவது என்பதுதான் கேள்வி. முதலில் மெயிலைப் பிரித்துச் சோதனைக்குக் கொடுக்கும் அமாவிஸ், ஸ்பாமைக் கணிக்கும் ஸ்பாம்அசாசின், வைரஸ் தேடும் கிளாம்ஏவி என்ற கூட்டணியை இருத்தினேன். ஏழு மாதம் கழித்து, வைரஸ் பார்க்கக் கிளாம்ஏவியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் கழற்றி அவற்றின் வேலையைப் பார்க்கும் ஆர்ஸ்பாம்டியைப் போட்டேன். மெயில்ஸ்கேனர் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸின் வரிசைக் கோப்புகளில் அது நேரடியாகக் கை வைக்கும் பழைய முறை எனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் மெயிலை எப்போது சோதிக்கிறது என்பதில் இருக்கிறது. வழக்கமான அமைப்பில் போஸ்ட்ஃபிக்ஸ் மெயிலை வாங்கி, “சரி, கிடைத்தது” என்று அனுப்பிய சேர்வருக்குச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் 10024 போர்ட் (சேர்வருக்குள் இருக்கும் வாசல் இலக்கம்) வழியாக அமாவிஸிடம் கொடுக்கும். அது இணைப்புகளைப் பிரித்து, வைரஸ் பார்த்து, எவ்வளவு ஸ்பாம் என்று புள்ளி போட்டு, 10025 வழியாகத் திருப்பித் தரும். ஆர்ஸ்பாம்டி மில்டராக, அதாவது மெயிலை வாங்கும்போதே போஸ்ட்ஃபிக்ஸ் கேட்டுப் பார்க்கும் சோதனையாளராக, 11332 போர்ட்டில் நிற்கும். அனுப்பும் சேர்வர் இன்னும் வாசலில் நிற்கும்போதே பார்த்து முடித்துவிடும். வேண்டாம் என்றால் வாசலிலேயே சொல்லி அனுப்பலாம்.

கேட்க நுணுக்கமான விஷயமாகத்தான் தெரியும். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். “தம்பி, ரொறன்ரோவில இருந்து ஓடர் அனுப்பிட்டினமாம். எனக்கு ஒண்டும் வரேல்லை.” தேடினால் அது அமாவிஸின் தடுப்புக் கோப்புறையில் மூன்று நாளாகக் கிடந்தது. அனுப்பியவர்களின் டொமெயினில் எஸ்பிஎஃப் (தங்கள் பெயரில் எந்தச் சேர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு) பிழை. மெயிலில் எழுத்தே இல்லை, ஓடரை ஒரு பெரிய படமாக ஒட்டியிருந்தார்கள். மொத்தம் 7.1 புள்ளி. நான் வைத்திருந்த எல்லை 6.31. மெயில் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள், இங்கே ஒருவருக்கும் தெரியாது. எனக்கும்தான். அந்தக் கோப்புறையை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை, அது என் பிழை.

“அப்படியென்றால் அனுப்பியவருக்கு அறிவித்தல் போக வை” என்று சிலர் சொல்வார்கள். வாங்கிய பிறகு திருப்பி அனுப்பினால், ஸ்பாம்காரன் திருடிப் போட்ட முகவரிக்காரருக்குத்தான் அது போய் விழும். அதற்காகவே நம்முடைய சேர்வரைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவார்கள். வாசலில் மறுப்பதில் இந்தத் தலையிடி இல்லை. திருப்பியறிவிக்கும் வேலை அனுப்பும் சேர்வருடையது. ஆர்ஸ்பாம்டியின் இயல்பான எல்லைகளும் தாராளம்: 6 புள்ளிக்குத் தலைப்பில் குறி, 15க்குத்தான் மறுப்பு. இடையில் விழுவதைச் சீவ் விதி (மெயிலைக் கோப்புறைக்குப் பிரித்துப் போடும் கட்டளை) ஒன்று எழுதி ஜங்க் கோப்புறைக்குத் தள்ளிவிட்டேன். ஓடர் தவறிப் போனாலும் முதலாளியின் கண்ணுக்கு எட்டும் இடத்திலேயே கிடக்கும்.

4 புள்ளி தாண்டினால் கிரேலிஸ்ட் என்று சொல்லி, “கொஞ்சம் பொறுத்து வா” என்று திருப்பும் பழக்கமும் ஆர்ஸ்பாம்டிக்கு இருக்கிறது. வங்கியின் ஓடிபி மெயில் அதில் மாட்டினால் இலக்கம் காலாவதியாகித்தான் வந்து சேரும். வங்கி டொமெயின்களை முதல் நாளே விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அடுத்தது ராம். இதில் இரண்டையும் ஒரே குழியில் தள்ளுவது கிளாம்ஏவிதான். வைரஸ் கையொப்பங்களை நினைவில் ஏற்ற அதற்கு மட்டும் 1 ஜிபிக்கு மேல் வேண்டும். புதிய கையொப்பம் இறங்கும்போது பழையதையும் புதியதையும் கொஞ்ச நேரம் சேர்த்தே வைத்திருக்கும். 2 ஜிபி சேர்வரில் அந்த நேரம் ராம் போதாமல், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வந்து கிளாம்ஏவியின் கழுத்தைத் திருகிவிடும். எனக்கு இரண்டு முறை நடந்தது. அமாவிஸ் இருந்தபோது, வைரஸ் பார்க்க ஆளில்லை என்று மெயிலையெல்லாம் தற்காலிகப் பிழையாக வரிசையிலேயே நிறுத்திவிட்டது. காலையில் பார்த்தால் இருநூறு சொச்சம் மெயில்கள் வரிசையில். போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள் வைத்திருக்கும் என்பதால் ஒன்றும் தொலையவில்லை. ஆர்ஸ்பாம்டி இதற்கு நேர்மாறு. சோதிக்க முடியவில்லை என்று ஒரு குறியைப் போட்டுவிட்டு மெயிலை உள்ளே விட்டுவிடும். மெயில் ஓடுகிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம், வைரஸ் சோதனையோ செத்துக் கிடக்கும். இந்த ஒரு விஷயத்தில் அமாவிஸின் பிடிவாதம்தான் எனக்குப் பிடிக்கும். கிளாம்ஏவி அமைப்பில் ‘கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட்’ என்பதை ‘நோ’ ஆக்கினால் இரட்டைச் சுமை குறையும். ஏற்றி முடியும் வரை சோதனை கொஞ்சம் காத்திருக்கும், பரவாயில்லை.

அமாவிஸ் பேர்ல் மொழியில் எழுதியது. ஒரே நேரத்தில் வேலை செய்யும் ஒவ்வொரு பிராசஸும் ஸ்பாம்அசாசின் முழுவதையும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஆர்ஸ்பாம்டி சி, லூவா மொழிகளில் எழுதியது, இலேசு, வேகமும் கூட. ஆனால் கற்றுக்கொண்டதைச் சேமிக்க ரெடிஸ் என்ற தரவுத்தளம் வேண்டும். அதையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் மெயிலுக்கு? ஸ்பாம்அசாசின் பக்கம் போவதானால் 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்புக்குக் கீழே வேண்டாம். யூனிகோட் எழுத்தை முழுமையாகக் கையாளத் தொடங்கியது அதிலிருந்துதான். எதை எடுத்தாலும் நல்லது 200, கெட்டது 200 காட்டும் வரை பேஸ் கணிப்பு (நாம் காட்டிய மெயில்களிலிருந்து கற்றுக்கொண்டு புள்ளி போடுவது) வாயே திறக்காது. கோயில் திருவிழா அறிவித்தல், ஒன்றுகூடல் அழைப்பு எல்லாவற்றையும் நல்லது பக்கம் ஊட்டுங்கள். ஆர்ஸ்பாம்டியில் 11334 போர்ட்டில் உலாவிப் பக்கம் ஒன்று இருப்பதால் எந்த மெயிலுக்கு எதனால் எவ்வளவு புள்ளி என்று முதலாளிக்கே காட்டலாம். அமாவிஸில் லொக்கைக் கிண்ட வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: சேர்வரின் டிஎன்எஸ் (பெயர்களுக்கு முகவரி தேடித் தருவது) கூகிளின் 8.8.8.8 ஆக இருந்தால், ஸ்பாம் அனுப்புபவர்களின் பட்டியல் வைத்திருக்கும் ஸ்பாம்ஹவுஸ் ஒழுங்காகப் பதில் தராது. அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளை அதே சேர்வரில் போட்டுவிடுங்கள்.

அமாவிஸை நான் முழுவதும் கைவிடவில்லை. ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் இன்னும் ஓடுகிறது. கட்சிக்காரரின் மெயில் எதையும் வாசலில் மறுக்கக் கூடாது, எல்லாம் தன் கைக்குள் இருக்க வேண்டும் என்றார் அவர். சேர்வரில் 8 ஜிபி இருக்கிறது. அங்குள்ள கிளாக்கர் தினமும் பின்னேரம் நாலரைக்குத் தடுப்புக் கோப்புறையைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, வேண்டியதை விடுவித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.