கைடா, செயலியா, டியூஷனா? ஒரே கணக்கை மூன்று இடத்தில் போட்டுப் பார்த்தோம்

பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டில் கணக்கு வீட்டுப்பாடத்துக்கு எது சரி என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். என் மகளுக்கு இந்த வருஷம் மூன்றையும் பார்த்தாயிற்று. பொதுவாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது, அதனால் ஒரே ஒரு கணக்கை வைத்துச் சொல்கிறேன்: 252525, 363636 ஆகிய எண்களுக்கு யூக்ளிடின் வகுத்தல் வழிமுறையில் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண்) காண வேண்டும்.

முதலில் செயலி, போட்டோ எடுத்தால் விடை தருகிற வகை. இரண்டு எண்களையும் பகாக் காரணிகளாக உடைத்து, பொதுவாக இருப்பது 3 × 7 × 13 × 37, ஆக 10101 என்று சொல்லிவிட்டது. விடை சரிதான். ஆனால் கேள்வி கேட்டது யூக்ளிட் முறையை; பரீட்சையில் இப்படி எழுதி வைத்தால் ஸ்டெப் மார்க் எங்கிருந்து வரும்? "விடைதான் வந்துடுச்சுல்லப்பா, விடுங்க" என்றாள். எனக்குப் பயமே அந்த 'விடுங்க'தான்.

கைடில் ஐந்து வரி:

363636 = 252525 × 1 + 111111
252525 = 111111 × 2 + 30303
111111 = 30303 × 3 + 20202
30303 = 20202 × 1 + 10101
20202 = 10101 × 2 + 0

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அவளும் அப்படியே நோட்டில் இறக்கிவிட்டாள். ஏன் மீதியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி வகுக்கிறோம் என்று கேட்டால் முழிக்கிறாள். இரண்டு எண்களையும் மீதியில்லாமல் வகுக்கிற எதுவும் அந்த மீதியையும் வகுத்தே தீரும், அதனால்தான் பெரிய எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்ன எண்ணோடு மல்லுக்கட்டலாம். இந்த ஒரு வாக்கியம் கைடில் இல்லை. அப்புறம் ஒரு வேலை செய்தோம். கைடின் மேல் ஒரு அட்டையை வைத்து மூடி, அவள் ஒரு வரி எழுதிய பிறகு அந்த வரியை மட்டும் திறந்து சரிபார்ப்பது. மூன்றாவது வரியில் 30303-ஐ 4 ஆல் பெருக்கிவிட்டு, 121212 வந்ததும் அவளே அடித்துத் திருத்தினாள். மூடாத கைடு காப்பி அடிக்கத்தான் ஆகும், மூடிய கைடு பக்கத்தில் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருப்பது மாதிரி.

டியூஷன் அண்ணன் இந்தக் கணக்கைப் பார்த்ததும் சிரித்தாராம். "இது 25 பெருக்கல் 10101, அது 36 பெருக்கல் 10101. 25-க்கும் 36-க்கும் பொதுவா 1-ஐத் தவிர ஒண்ணும் கிடையாது, முடிஞ்சுது." அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது எனக்கே பாடம் எடுத்தாள். இந்த மாதிரி ஒரு கண் திறப்பு செயலியிலும் கிடைக்காது, கைடிலும் கிடைக்காது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், பன்னிரண்டு பேர் உட்காருகிற பேட்ச், மற்ற நாளெல்லாம் அவர் போர்டில் போடுவதை இவர்கள் எழுதிக்கொண்டு வருவதுதான், போகவர இரண்டு மணி நேரம் காலி.

எனவே இப்போதைக்கு எங்கள் வீட்டில் தினசரிக்கு அட்டை போட்ட கைடு. செயலி கடைசியில் விடை சரிபார்க்க மட்டும், அதுவும் போன் என் கையில்தான். டியூஷன் சந்தேகம் கேட்க வாரம் ஒருநாள் போதும் என்று அண்ணனிடமே பேசிவிட்டோம், சரி என்றார்.

வடிவியல் வரைவது மட்டும் இந்தக் கணக்கில் சேராது. போன வாரம் வட்டத்துக்குத் தொடுகோடு வரைகிற கணக்கில் அளவு மூன்று தடவையும் தப்பாக வந்தது. கைடைப் பார்த்தால் படி எல்லாம் சரி, செயலிக்கு அந்தப் படமே புரியவில்லை. அண்ணன்தான் காம்பஸை வாங்கிப் பார்த்துவிட்டு, திருகு தளர்ந்து கிடக்கிறது என்று இறுக்கிக் கொடுத்தாராம்.